ஒரு சிட்டிகை கறுப்புத் தூள்

ஆங்கில வழிப் பிளஸ் டூ வேதியியல் விடைத்தாள் ஒன்றில், கேட்டலிஸ்ட் என்றால் என்ன என்ற கேள்விக்கு ஒரு மாணவி ஒரே வரியில் விடை எழுதியிருந்தாள்: மாற்றத்தை உண்டாக்கும் பொருள். ஆங்கிலம் சுத்தமாக இருந்தது. அந்த வாரமே எங்கள் பள்ளியின் ஆங்கில ஆசிரியை ஒரு கட்டுரைத் தாளை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். அதில் இன்னொரு பெண், கல்வி என்பது சமுதாயத்தின் கேட்டலிஸ்ட், வினை முடிந்த பிறகும் அது எடை குறையாமல் அப்படியே கிடைக்கும் என்று எழுதியிருந்தாள். "இவ உங்க பாடத்தை எங்க பாடத்துல எழுதிட்டா டீச்சர்" என்றார் அவர்.

முதல் விடைக்கு வேதியியலில் மதிப்பெண் போட முடியாது. இரண்டாவது வாக்கியத்தை ஆங்கில ஆசிரியை சிவப்பு மையால் சுழித்திருந்தார். எனக்கு அந்த இரண்டாவது வாக்கியத்தை விட மனமில்லை. கல்வி பரவப் பரவக் குறைவதில்லை என்பதை அந்தப் பெண் சோதனைக் குழாயிலிருந்து எடுத்துச் சொல்லியிருக்கிறாள். ஒரே சொல் வேதியியல் வகுப்பிலும் செய்தித்தாளிலும் வேறு வேறு பொருளில் வரும்போது, அந்த இரண்டுக்கும் நடுவில் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்பதை அன்றிலிருந்துதான் உற்றுப் பார்க்கத் தொடங்கினேன்.

புதுக்கோட்டை மாவட்டத்து அரசு மேல்நிலைப் பள்ளிகளில் நெடுங்காலமாக வேதியியல் நடத்துகிறேன். 2012-13 கல்வியாண்டிலிருந்து அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் பரவலாகத் தொடங்கப்பட்டன. அன்று ஆறாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகள் வளர்ந்து என் பிளஸ் டூ வகுப்புக்கு வந்தபோது, சொல்லிக்கொடுக்கிற வேலையே வேறாகிவிட்டது. வீட்டில் தமிழ், விளையாட்டில் தமிழ், மனத்துக்குள் நடக்கிற கணக்கும் தமிழ். புத்தகம் மட்டும் ஆங்கிலம். லிட்மஸ் டெஸ்ட், இனர்ஷியா, மொமெண்டம், கேட்டலிஸ்ட் போன்ற சொற்களைப் பாடப்புத்தகத்தில் ஒரு பொருளிலும், தேர்தல் செய்தியிலும் கிரிக்கெட் வர்ணனையிலும் இன்னொரு பொருளிலும் கேட்கிறார்கள். தமிழ்வழிப் பிள்ளைக்கு இந்தக் குழப்பம் இவ்வளவு இல்லை. வினையூக்கி என்ற சொல் பெரும்பாலும் வேதியியல் புத்தகத்தோடு நின்றுவிடும். ஆங்கிலச் சொல்லுக்கு ஊரெல்லாம் புழக்கம்.

அகராதியைத் திறந்து இரண்டு பொருளையும் எழுதிப் போட்டுவிடலாம். பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிடுவார்கள், அடுத்த மாதம் இரண்டையும் கலந்து எழுதுவார்கள். ஆகவே நான் சொல்லை ஒதுக்கிவைத்துவிட்டு மருந்துக் கடையில் தொடங்குவேன்.

எங்கள் மாவட்டத்தில் ஜனவரி பிறந்தால் தச்சங்குறிச்சியில் தொடங்கி ஊர் ஊராக ஜல்லிக்கட்டு நடக்கும். மாடு பிடிக்கப் போகும் அண்ணனோ சித்தப்பாவோ இல்லாத வீட்டுப் பிள்ளைகள் என் வகுப்பில் குறைவு. காயத்தில் நர்ஸ் அக்கா ஊற்றுகிற மருந்து வெள்ளை வெளேரென்று நுரைப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அது ஏன் நுரைக்கிறது என்று கேட்டால் வகுப்பே ஒரே குரலில், "கிருமி சாகுது டீச்சர்" என்று சொல்லும். அந்த மருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு. மருந்துக் கடையில் மலிவாகக் கிடைக்கும், பழுப்பு நிறப் புட்டியில் இருக்கும். அந்த நிறத்துக்கும் ஒரு காரணம் உண்டு. வெளிச்சம் பட்டால் பெராக்சைடு தானாகவே நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துகொண்டிருக்கும். மூடியைத் திறந்து மறந்துவிட்ட பழைய புட்டி, காலப்போக்கில் வெறும் தண்ணீராகிவிடும். இதை முதலிலேயே சொல்லிவைப்பேன், ஏனென்றால் பின்னால் வரும் பேச்செல்லாம் இதில்தான் நிற்கிறது. யாரும் தொடாமலேயே அந்த வினை நடந்துகொண்டிருக்கிறது, மெல்ல.

அடுத்து வேண்டியது மாங்கனீசு டை ஆக்சைடு. ஆய்வகத்தில் இருப்பு இல்லாத ஆண்டுகளில், தீர்ந்துபோன பேட்டரிக் கட்டையை உடைத்து எடுத்துக்கொள்வோம். பழைய மாதிரி துத்தநாகக் கூடு உள்ள கட்டையாக இருக்க வேண்டும். விலை கூடிய அல்கலைன் செல்லை உடைக்கவே கூடாது, உள்ளே இருக்கும் காரம் கையை அரித்துவிடும். கூட்டைப் பிரித்தால் நடுவில் கார்பன் குச்சி, அதைச் சுற்றி ஈரமான கறுப்புப் பொடி. பொடியில் மாங்கனீசு டை ஆக்சைடும் கரித்தூளும் நவச்சாரமும் கலந்திருக்கும். தண்ணீரில் பலமுறை கலக்கி, தெளியவிட்டு இறுத்தால் நவச்சாரம் கரைந்து போய்விடும். மிச்சத்தை வெயிலில் காயவைத்தால் பாடத்துக்குத் தேவையான தூள் தயார்.

காய்ந்த தூளில் ஒரு சிட்டிகையை எடுத்து எடை பார்க்கச் சொல்வேன். எடையைக் கரும்பலகையின் ஓரத்தில் பெரிதாக எழுதிவைப்போம். கூம்புக் குடுவையில் பெராக்சைடை ஊற்றி, தூளைப் போட்டதும் புஸ்ஸென்று நுரை எழும். அணையப் போகிற ஊதுபத்தியின் கங்கை வாய்ப்பக்கம் காட்டினால் பளிச்சென்று பிடித்து எரியும். வருவது ஆக்சிஜன் என்பதை அதற்குப் பிறகு நான் சொல்ல வேண்டியதில்லை. நுரை அடங்கியதும் குடுவையில் இருப்பது தண்ணீரும் கறுப்புத் தூளும்தான். வடிதாளில் வடித்து, காயவைத்து, மறுநாள் அதே தராசில் நிறுக்கிறோம். தாளில் ஒட்டிக்கொண்ட துளி போக அதே எடை. அதே தூளைப் புதிய பெராக்சைடில் போட்டால் மறுபடியும் நுரைக்கும். பின் பெஞ்சில் தூங்கி வழிகிற பையன்கூட இந்த இடத்தில் எழுந்து வந்துவிடுவான்.

இதே பெராக்சைடில் பச்சை உருளைக்கிழங்குத் துண்டைப் போட்டாலும் நுரைக்கும். ஆட்டு ஈரல் துண்டைப் போட்டால் பொங்கி வழியும். வேகவைத்த கிழங்கைப் போட்டால் சும்மா கிடக்கும். உயிருள்ள திசுக்களில் கேட்டலேஸ் என்ற நொதி இருக்கிறது. அதன் ஒரு மூலக்கூறு நொடிக்குப் பல லட்சம் பெராக்சைடு மூலக்கூறுகளைப் பிரித்துப் போட்டுவிடும். வெந்துபோனால் அதன் வடிவம் குலைந்து, வேலை நின்றுவிடும். காயத்தில் நுரைத்ததும் இதனால்தான். கிருமி இல்லாத சுத்தமான ரத்தத்திலும் அது நுரைக்கும்.

இவ்வளவும் நடந்த பிறகுதான் கரும்பலகையில் கேட்டலிஸ்ட் என்று எழுதுகிறேன். அதற்குக் கீழே பிள்ளைகளையே வரிகள் சொல்லச் சொல்வேன். கொஞ்சமாக இருந்தாலே போதும். முடிவில் திரும்பக் கிடைக்கும். ஏற்கெனவே நடக்கக்கூடிய வினையைத்தான் வேகப்படுத்தும், நடக்கவே முடியாததை நடத்தாது. இந்த மூன்றாவது வரிதான் எல்லாவற்றிலும் கடினம். வெறும் தண்ணீரில் அந்தத் தூளைப் போட்டுப் பாருங்கள் என்பேன். ஒன்றும் ஆகாது. தண்ணீர் தானாக ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரியாது. எவ்வளவு தூளைக் கொட்டினாலும் பிரியாது. விடைத்தாளில் அந்த மாணவி எழுதிய 'மாற்றத்தை உண்டாக்கும்' என்ற பிழை இந்த ஒரு குடுவைத் தண்ணீரில் தெளிந்துவிடும்.

ஒரு விஷயத்தில் நான் பிடிவாதக்காரி. வினையூக்கி வினையில் பங்கேற்காது என்று பல கைடுகளில் எழுதியிருக்கும். அது தவறு. பங்கேற்காத பொருளால் எதையும் வேகப்படுத்த முடியாது. வினைபடு பொருளோடு அது சேர்கிறது, நடுவில் ஓர் இடைநிலைப் பொருள் உண்டாகிறது, அது உடைந்து விளைபொருள் வெளிவரும்போது வினையூக்கி பழைய உருவில் மீள்கிறது. கிளர்வு ஆற்றல், அதாவது வினை தொடங்கத் தாண்ட வேண்டிய உயரம், குறைந்த வேறொரு பாதையில் வினை போவதற்கு அதுதான் காரணம். உள்ளே போய் உழைத்துவிட்டு வெளியே வருவதும், கரையில் நின்று வேடிக்கை பார்ப்பதும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை விட்டுவிட்டால் வேதியியலும் பிழைபடும், நாளைக்கு அந்தச் சொல்லை மனிதருக்குப் பயன்படுத்தும்போது அங்கேயும் பிழைபடும்.

சொல்லின் வரலாற்றையும் சொல்வேன், பாடத்திட்டத்தில் அது இல்லாவிட்டாலும். தெனார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1818 இல் ஹைட்ரஜன் பெராக்சைடைக் கண்டறிந்தார். சில உலோகங்கள் தாம் மாறாமலே அதைப் பிரித்துவிடுவதையும் பார்த்தார். டோபரைனர் 1823 இல் பஞ்சு போன்ற பிளாட்டினத்தின் மேல் ஹைட்ரஜனைப் பாய்ச்சினார், நெருப்பில்லாமல் பற்றிக்கொண்டது. இப்படிச் சிதறிக் கிடந்த செய்திகளை எல்லாம் சுவீடனில் பெர்சீலியஸ் 1835 இல் ஒன்றாகக் கோத்து, கட்டவிழ்த்தல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து கேட்டலிசிஸ் என்று பெயர் வைத்தார். அவர் அதை விளக்கிய விதத்தைப் படித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. பொருள்களுக்குள் உறங்கிக் கிடக்கும் நாட்டத்தை, பக்கத்தில் இருப்பதாலேயே எழுப்பிவிடும் ஒரு விசை என்றார் அவர். உறக்கம், எழுப்புதல் எல்லாமே மனிதருடைய செயல்கள். ஆகவே இந்தச் சொல் அறிவியலில் பிறந்தபோதே அதில் உருவகம் இருந்தது. அறுபது ஆண்டுகள் கழித்து ஆஸ்ட்வால்ட் வந்து, உறக்கமும் வேண்டாம் விசையும் வேண்டாம், வேகத்தை மட்டும் அளந்து பேசுவோம் என்று வரையறை செய்தார். அவருக்கு 1909 இல் நோபல் பரிசு கிடைத்தது. செய்தித்தாளில் வருகிற உருவகப் பொருள் 20 ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலத்தில் வேர்பிடித்தது. வேதியியலர்கள் கழற்றிவைத்த உருவகத்தை எழுத்தாளர்கள் மறுபடி எடுத்து உடுத்திக்கொண்டார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

தமிழிலும் இந்த இரண்டு போக்குகள் உண்டு. பழைய கிரியா ஊக்கி, இப்போதைய வினையூக்கி, இலங்கைப் புத்தகங்களின் ஊக்கி எல்லாம் பெர்சீலியஸ் பக்கம். நான் படித்த மேல்நிலைப் புத்தகத்தில் இருந்த வினைவேக மாற்றி, ஆஸ்ட்வால்ட் பக்கம். வினைவேக மாற்றி நாவுக்குக் கொஞ்சம் முரடுதான். ஆனாலும் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கு அந்தச் சொல் உள்ளேயே வரையறையை வைத்துக்கொடுக்கிறது, அதனால் ஆங்கில வழி வகுப்பிலும் அதை ஒருமுறை எழுதிக் காட்டுவேன்.

செய்தித்தாள் வாக்கியங்களுக்கு வருவோம். எங்கள் ஊரில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், சமூக மாற்றத்தின் கேட்டலிஸ்ட் என்று முதல் பத்தியிலேயே எழுதிவிடுவார்கள். கரும்பலகையில் இருக்கும் வரிகளை வைத்து அதைச் சரிபார்க்கலாமா என்று கேட்பேன். 1886 இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். பெண்கள் படிக்காத மகாராஜா கல்லூரியில் படிக்க இடம் கேட்டுப் போராடி நுழைந்தவர். 1912 இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். சட்ட மேலவையில் தேவதாசி முறைக்கு எதிராகக் குரல் எழுப்பினார். ஒழிப்புச் சட்டம் 1947 இல்தான் வந்தது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954 இல் தொடங்கியபோது அவருக்கு வயது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. இதில் கொஞ்சம் தொட்டுவிட்டு விலகிய வேலை எங்கே இருக்கிறது? வாழ்நாள் முழுவதையும் உள்ளே கொட்டியிருக்கிறார். "அப்ப அவங்க ரியாக்டண்ட் டீச்சர்" என்று ஒரு பெண் சொன்னாள். அந்த விடையை எந்தக் கட்டுரைப் புத்தகமும் அவளுக்குத் தந்திருக்காது. வினைபடு பொருளாகத் தன்னையே கொடுத்தவரை வினையூக்கி என்று சொல்வது அவருடைய உழைப்பைக் குறைத்துச் சொல்வதாகும். ஆங்கிலத்தில் அப்படி எழுதுவது வழக்கம்தான், இலக்கணப் பிழையும் இல்லை. ஆனாலும் அந்தப் பெண்ணுக்கு இனி எழுதும்போது கை ஒரு கணம் நிற்கும், வேறு சொல்லைத் தேடும்.

அப்படியானால் கேட்டலிஸ்ட் என்ற சொல் மனிதருக்கு எங்கே சரியாகப் பொருந்தும்? என்னிடம் ஒரு விடை இருக்கிறது. அது என் சிறுவயதில், ஆலங்குடிப் பக்கத்து ஊரில் நடந்தது.

1991 இல் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. ஷீலா ராணி சுங்கத் அப்போது மாவட்ட ஆட்சியர். பகலெல்லாம் வயலில் நின்றவர்கள் மாலையில் சிலேட்டோடு வந்து உட்கார்ந்தார்கள். எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுத்தந்தார்கள். வயல் வேலைக்குப் போகிறவர்கள், கல் குவாரியில் உடைக்கிறவர்கள், கிராமச் செவிலியர்கள், பால்வாடி ஆயாக்கள், செயற்கை வைரம் பட்டை தீட்டுகிறவர்கள் என்று எல்லோரும் ஏறினார்கள். 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிள்களில் புதுக்கோட்டை நகரத்துக்குள் வந்தார்கள். பத்திரிகையாளர் சாய்நாத் இதைப் பதிவு செய்தார், 1996 இல் வந்த அவருடைய புத்தகத்தில் அது இருக்கிறது. பின்னாளில் வடநாட்டுப் பிள்ளைகள் எட்டாம் வகுப்பு இந்திப் பாடத்தில் எங்கள் ஊர்ப் பெண்களைப் பற்றிப் படித்தார்கள்.

எங்கள் தெருவில் முதலில் கற்றவர் பட்டை தீட்டப் போய்க்கொண்டிருந்த ஒரு அக்கா. ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சியில் ஓட்டப் பழகிவிட்டு வந்து என்னை ஏற்றிவிட்டார். பெண்கள் சைக்கிள் கிடைக்காது. வாடகைக் கடையில் இருந்ததெல்லாம் நடுவில் பார் வைத்த ஆண்கள் சைக்கிள்தான். குரங்குப் பெடல் போட்டுத்தான் நான் பழகினேன். பெரியவர்களுக்கு அந்தப் பாரும் உதவியாகத்தான் இருந்தது, பிள்ளையை அதில் உட்காரவைத்துக்கொண்டு பின்னால் குடத்தைக் கட்டிக்கொள்ளலாம். நான் பழகியதும் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். இருட்டிய பிறகு, ஆள் நடமாட்டம் குறைந்ததும், அம்மா சேலையைச் செருகிக்கொண்டு ஏறுவார். நான் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுவேன். அம்மா பழகியதும் பக்கத்து வீட்டுச் சித்திக்கு அம்மா சொல்லிக்கொடுத்தார். அந்தச் சித்தி தன் பிறந்த ஊருக்குப் போய் அங்கே இரண்டு பேரைப் பழக்கிவிட்டு வந்தார்.

இதைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்குக் கேட்டலிஸ்ட் என்ற சொல் எளிதாக வந்துவிடும். ஆட்சியர் கேட்டலிஸ்ட், தொண்டர்கள் கேட்டலிஸ்ட், சைக்கிள் கேட்டலிஸ்ட். எது சரி என்று பல ஆண்டுகள் யோசித்திருக்கிறேன். வெளியே போய்வர வேண்டும் என்ற நாட்டம் எங்கள் பெண்களுக்கு அறிவொளிக்கு முன்பும் இருந்தது. தலைச்சுமையோடு சந்தைக்கு நடந்தார்கள், தண்ணீருக்கு நடந்தார்கள், பேருந்துக்கு மணிக்கணக்கில் காத்திருந்தார்கள். வினை நடந்துகொண்டுதான் இருந்தது, மெல்ல. புட்டியில் இருக்கும் பெராக்சைடைப் பற்றி முதலில் சொன்னேனே, அதுதான். இயக்கம் அந்த நாட்டத்தைப் புதிதாக உண்டாக்கவில்லை. தெருவில் நாலு பேர் பார்க்க ஏறுவதற்கு இருந்த கூச்சத்தின் உயரத்தைக் குறைத்தது. ஆட்சியர் மாறிப் போனார், சைக்கிள் நிற்கவில்லை. சாய்நாத் 1995 இல் மறுபடி வந்தபோதும் பெண்களிடம் சைக்கிள் ஆர்வம் அப்படியே இருந்ததாகப் பதிவு செய்திருக்கிறார். இந்த அளவில் வினையூக்கி என்ற சொல் மிகச் சரி.

ஆனால் அந்தத் தெருவில் நடந்ததற்கு இன்னும் நெருக்கமான சொல் ஒன்று பிளஸ் டூ செய்முறைப் பாடத்தில் இருக்கிறது. ஆக்சாலிக் அமிலத்தைப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டால் தரம்பார்க்கும் சோதனையை மேல்நிலை அறிவியல் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பியூரெட்டில் ஊதாக் கரைசல். கீழே கூம்புக் குடுவையில் ஆக்சாலிக் அமிலமும் நீர்த்த கந்தக அமிலமும், அறுபது எழுபது டிகிரிக்குச் சூடாக்கியது. முதல் துளி விழுந்ததும் நிறம் போகாது. பிள்ளைகள் பயந்துவிடுவார்கள், அதற்குள் முடிவுநிலை வந்துவிட்டதோ என்று. பொறு, ஆட்டிக்கொண்டே இரு என்பேன். கொஞ்ச நேரத்தில் நிறம் மறையும். இரண்டாம் துளி அதைவிடச் சீக்கிரம் மறையும். அதன்பின் விழ விழ மறைந்துகொண்டே போகும். காரணம், முதல் துளியில் நடந்த வினையில் மாங்கனீசு அயனி பிறக்கிறது. அந்த அயனியே இந்த வினைக்கு வினையூக்கி. விளைந்த பொருளே அடுத்த வினையை வேகப்படுத்துகிறது. இதற்குத் தன் வினையூக்கம் என்று பெயர்.

நம்பாத பிள்ளைகளுக்காக இரண்டு குடுவைகளைச் சூடாக்காமலே வைத்துக் காட்டுவேன். ஒன்றில் மட்டும் மாங்கனீசு சல்பேட் படிகம் ஒரு துளி. இரண்டிலும் ஊதாக் கரைசலை விட்டால், படிகம் போட்டது வெளுத்துவிடும், மற்றது நெடுநேரம் அப்படியே நிற்கும்.

உறை மோரும் கேட்டலிஸ்ட்தானே டீச்சர் என்று ஒவ்வொரு ஆண்டும் யாராவது கேட்பார்கள். பல ஆசிரியர்கள் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். உறையில் இருப்பது உயிருள்ள நுண்ணுயிர். பாலில் பெருகுகிறது, இன்றைய தயிரில் ஒரு கரண்டி நாளைக்கு உறையாகிறது. போட்ட அளவே திரும்பக் கிடைப்பதில்லை, கூடிவிடுகிறது. ஆகவே மாங்கனீசு டை ஆக்சைடுக்கு அது உவமை ஆகாது. தன் வினையூக்கத்துக்கு வேண்டுமானால் பக்கத்தில் வரும். இதைச் சொல்லிவிட்டுத்தான் எங்கள் தெருக் கதையைச் சொல்வேன். கற்றவர் கற்றுக்கொடுப்பவராக மாறினார், அவரிடம் கற்றவரும் கற்றுக்கொடுத்தார். முதல் ஞாயிறு ஒருவர் விழுந்து எழுந்தார், சில மாதங்களில் தெருவே ஓட்டியது.

"அப்ப உங்கம்மாதான் மாங்கனீசு அயனியா டீச்சர்?" என்று ஒரு பையன் கேட்டான். ஆமாம் என்றேன். அவன் குறிப்பேட்டில் அதை எழுதிக்கொண்டதைப் பார்த்தேன். அந்த ஆண்டுத் தேர்வில் தன் வினையூக்கத்தை அவன் வகுப்பில் யாரும் தவறாக எழுதவில்லை.

பொருந்தாத இடத்தையும் அவர்களிடம் சொல்லிவிட வேண்டும். அயனி களைப்பதில்லை. மனிதர்கள் களைக்கிறார்கள், வயதாகிறார்கள், உள்ளே போன உருவில் வெளியே வருவதும் இல்லை. என் அம்மா சைக்கிள் கற்பதற்கு முன் இருந்த அம்மா இல்லை. தனியாக வங்கிக்குப் போனார், மனு எழுதினார், என்னை மகளிர் கல்லூரியில் சேர்க்க அவரே விண்ணப்பம் வாங்கி வந்தார். கற்பித்தவர்களும் மாறினார்கள். மாறாமல் திரும்பக் கிடைக்கும் என்ற வரியை மனிதருக்குப் போடவே முடியாது, அந்த வரியில் உருவகம் முடிந்துவிடுகிறது.

இன்னொன்று, வினைபடு பொருள் இல்லாத இடத்தில் வினையூக்கி எதுவும் செய்யாது. 1995 இல் ஒரு சைக்கிள் விலை ஏறக்குறைய 1,400 ரூபாய், பல பெண்களால் அதை வாங்க முடியவில்லை என்றும் சாய்நாத் எழுதியிருக்கிறார். எங்கள் வீட்டிலும் வாங்க முடியவில்லை, நெடுநாள் வாடகை சைக்கிள்தான். கற்றுக்கொடுக்க ஆள் இருந்தது, ஆசை இருந்தது, சைக்கிள் இல்லை. பின்னாளில் மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசே விலையில்லா சைக்கிள் கொடுக்கத் தொடங்கியபோது, என் வகுப்புப் பெண்கள் வரிசையாகச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போவதைப் பார்த்து நான் அழுதேன்.

இதனால்தான் ஆசிரியர் தின மேடைகளில் ஆசிரியர்களைக் கேட்டலிஸ்ட் என்று சொல்லும்போது எனக்கு உள்ளே ஏதோ உறுத்தும். ஆய்வகத்தில் அமிலம் தீர்ந்து மாதக்கணக்கான பள்ளிகளை எனக்குத் தெரியும். காலை உணவு இல்லாமல் பிள்ளைகள் வந்த காலமும் தெரியும். வினைபடு பொருளைக் கொண்டுவந்து வைக்காமல் வினையூக்கியைப் புகழ்வது, வெறும் தண்ணீரில் கறுப்புத் தூளைப் போட்டுவிட்டு நுரைக்காகக் காத்திருப்பதுதான். மேடையில் இருப்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர்கள் கீழே உட்கார்ந்திருக்க வேண்டும், தெரிந்தால் கேள்வி கேட்பார்கள். நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இந்தச் சொல்லை இவ்வளவு நேரம் எடுத்து நடத்துவது அதற்காகவும்தான்.

நச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. வினையூக்கியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு அதன் வேலையைக் கெடுக்கும் பொருளை வினையூக்கி நச்சு என்பார்கள். 1995 இல் நான்கு பெருநகரங்களில் புதிய கார்களுக்குப் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயமானபோது, ஈயம் கலக்காத பெட்ரோலும் கூடவே வர வேண்டியிருந்தது. ஈயம் அந்தக் கன்வெர்ட்டரில் இருக்கும் பிளாட்டினத்துக்கு நச்சு. 2000 வாக்கில் நாடு முழுவதும் ஈயப் பெட்ரோல் நின்றது. டூவீலர் மெக்கானிக்காக வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன், சைலன்ஸருக்குள் இருக்கும் கன்வெர்ட்டரின் தேன்கூட்டுத் துண்டை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். தொட்டுப் பார்க்க அதைவிட நல்ல பாடம் இல்லை.

ஆங்கில ஆசிரியையும் நானும் இப்போது ஒரு பாடவேளையைச் சேர்ந்து நடத்துகிறோம். அவர் செய்தித்தாள்களிலிருந்து கேட்டலிஸ்ட் வரும் வாக்கியங்களை வெட்டிக்கொண்டு வருவார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பிள்ளைகள் தேட வேண்டியவை: இங்கே வினைபடு பொருள் எது, வினை ஏற்கெனவே மெல்ல நடந்துகொண்டிருந்ததா, முடிவில் எது மிச்சம். தேறாத வாக்கியங்களில் வேறு ஆங்கிலச் சொல் போட்டு மாற்றி எழுத வேண்டும். காரணம் என்றோ தூண்டுதல் என்றோ பொருள்படும் எளிய சொற்கள் பல இடங்களில் போதுமானவையாக இருக்கும். முதலில் அந்தச் சிவப்பு மைச் சுழியை அழித்துவிட்டு மதிப்பெண் போட்டவரும் அவர்தான்.

போன முறை பிள்ளைகளையே வாக்கியம் எழுதச் சொன்னோம். கல்லூரிக்குப் போகும் அக்காவைப் பற்றி ஒரு பெண் எழுதினாள்: 2021 இல் வந்த மகளிர் இலவசப் பேருந்துப் பயணம் எங்கள் ஊர்ப் பெண்களின் படிப்புக்குக் கேட்டலிஸ்ட். உடனே மணமேல்குடிப் பக்கத்திலிருந்து வந்து தங்கிப் படிக்கும் பையன் எழுந்து, தன் ஊருக்கு டவுன் பஸ்ஸே காலையில் ஒன்று, மாலையில் ஒன்றுதான், அங்கே டிக்கெட் இலவசமானால் என்ன, பஸ் வினைபடு பொருள், அது இல்லாமல் எப்படி என்றான். டிக்கெட்டும் பஸ்ஸும் வேறு வேறு என்றாள் அவள், பஸ் நிறைய வருகிற ஊரில் டிக்கெட் காசுதான் கிளர்வு ஆற்றல் என்றாள். அடுத்த வாரமும் அதையே பேசினார்கள். ஆங்கில ஆசிரியை அவளுடைய வாக்கியத்துக்கு முழு மதிப்பெண் கொடுத்தார். நான் இரண்டு பேருக்கும் கொடுத்தேன், இரண்டு பேரும் காரணம் எழுதியிருந்தார்கள்.